ஓஸ்டர்ஹெல்ட்: தன்வினையும் பிறவினையும்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர் ஒருவர் உலகச் சித்திரக்கதைகள் பற்றிய கருத்தரங்கக் கட்டுரை ஒன்றைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தார். முதல் வாக்கியத்தைத் தாண்ட என்னால் இயலவில்லை. அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற சித்திரக்கதை ஆசிரியர் எக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட் 1977ஆம் ஆண்டு மர்மமான முறையில் காணாமல் போனார் என்று தொடங்கியிருந்தார். மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. ஓஸ்டர்ஹெல்ட்டின் ‘எல் எடர்னௌதா’ 2025 ஏப்ரல் இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வெளியானது. அதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் யாரென்று தேடப் புகும் எவருக்கும் இப்படியொரு வாக்கியம்தான் எளிதில் கையில் அகப்படும். சிவப்பு மையால் எதையும் அடிக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். அந்த இரண்டு நாளும் எனக்காகத்தான் கேட்டேன். அந்த வாக்கியத்தில் தகவல் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அதிலுள்ள பெயர்ச்சொல் ஒன்றும் வினைச்சொல் ஒன்றும் சேர்ந்து ஒரு கொலையை மறைக்கின்றன என்று எனக்குப் பட்டது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஓஸ்டர்ஹெல்ட் 1919இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் பிறந்தவர். நிலவியல் படித்தவர். குழந்தைகளுக்கான அறிவியல் நூல்களும் கதைகளும் எழுதத் தொடங்கிப் பின்னர் சித்திரக்கதைக்கு வந்தார். அவர் படம் வரைபவர் அல்லர். கதையும் உரையாடலும் எழுதியவர். ஹூகோ பிராட், ஆல்பெர்த்தோ பிரெச்சியா, பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ் போன்ற ஓவியர்கள் அவருக்கு வரைந்தார்கள். 1957இல் தம் சகோதரருடன் சேர்ந்து நடத்திய பதிப்பகத்தின் ‘ஓரா செரோ’ வார இதழில், அவ்வாண்டு செப்டம்பர் தொடங்கி 1959 செப்டம்பர் வரை, சொலானோ லோபஸின் ஓவியங்களோடு ‘எல் எடர்னௌதா’ வெளிவந்தது. காலவெளியில் ஓயாது அலைபவன் என்று அத்தலைப்பைப் பொருள் கொள்ளலாம்.

கதை இப்படி. ஓர் எழுத்தாளர் பின்னிரவில் தனியே அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரிலுள்ள நாற்காலி கிறீச்சிடுகிறது. ஆளற்ற அந்த நாற்காலியில் ஒரு மனிதன் மெல்ல உருக்கொள்கிறான். ஹுவான் சால்வோ என்பது அவன் பெயர். தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான். புவனோஸ் ஐரிஸின் புறநகரில் ஒரு வீட்டின் மாடியறையில் நண்பர் நால்வர் சீட்டாடிக்கொண்டிருக்கும் இரவில் ஒளிரும் பனி பொழியத் தொடங்குகிறது. மேனியில் பட்டவர்கள் அக்கணமே இறந்து விழுகிறார்கள். வீட்டிலிருக்கும் பொருள்களைக் கொண்டே உடல் முழுவதையும் மூடும் உடை தைத்துக்கொண்டு வெளியே இறங்குகிறார்கள். பிறகு வேற்றுலகப் படையெடுப்பு, கால்பந்து மைதானத்தில் போர், தப்பியோட்டம். மனைவி எலேனாவையும் மகள் மார்த்தித்தாவையும் காப்பாற்ற எத்தனிக்கும் சால்வோ, அவர்களைக் காலத்தின் ஏதோவொரு மடிப்பில் தவறவிடுகிறான். அவர்களைத் தேடித்தான் அலைகிறான்.

இப்படிச் சுருக்கினால் ஆயிரம் அறிபுனைகளில் ஒன்றாகத்தான் தெரியும். இக்கதையை வேறாக்குவது எதிரியின் அமைப்பு. வண்டுகளைப் போன்ற பெரும் பூச்சிகள் முதலில் வருகின்றன. அவற்றை இயக்குபவர்கள் இருக்கிறார்கள். ‘கைகள்’ என்று கதை அவர்களை அழைக்கிறது, ஒரு கையில் எண்ணற்ற விரல்கள். அவர்களையும் வேறு எவரோ இயக்குகிறார்கள். ‘அவர்கள்’ என்று மட்டும் சொல்லப்படும் அந்த மேலாளர்களைக் கதை முழுவதும் எவரும் காண்பதில்லை. ‘கை’ ஒவ்வொருவனின் உடலிலும் ஒரு சுரப்பி பொருத்தப்பட்டிருக்கிறது. அச்சம் தோன்றியவுடன் அது நஞ்சைச் சுரக்கும். கீழ்ப்படியாமையை நினைத்து அஞ்சினாலே போதும், சாவுதான். பிடிபட்டுச் சாகும் தறுவாயில் இருக்கும் அப்படியொருவன், மனிதர்களின் அடுக்களையில் இருந்த ஒரு சாதாரணக் காப்பிப் பாத்திரத்தைப் பார்த்து, இவ்வளவு அழகான பொருள்களை எவ்வளவு சாதாரணமாக வைத்துப் புழங்குகிறீர்கள் என்கிற பாவனையில் வியக்கிறான். எனக்கு மொத்த நூலிலும் மறக்க முடியாத இடம் அதுதான். படையெடுத்து வந்தவனை வெறுக்க விடாமல் செய்துவிடுகிறது அந்தப் பாத்திரம்.

(சித்திரக்கதையை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளாத என் துறை நண்பர்கள் இவ்விடத்தில் முகம் சுளிக்கக்கூடும். எங்கள் தலைமுறையில் பலருக்கு வாசிப்பின் வாசலைத் திறந்துவிட்டதே 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியும் அவன் வகையறாவும்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மனிதன் மறைவது எங்களுக்கு அன்று ஒரு விளையாட்டு.)

இக்கதையைப் பேசுவோர் பலரும் ஒரு கட்டத்தில் ஓஸ்டர்ஹெல்ட்டைத் தீர்க்கதரிசியாக்கிவிடுகிறார்கள். 1957இலேயே அவர் வரப்போகும் சர்வாதிகாரத்தைக் கண்டுவிட்டாராம். இதில் எனக்கு உடன்பாடில்லை. 1955 ஜூன் 16 அன்று அர்ஜென்டினக் கடற்படையின் விமானங்கள் தம் சொந்தத் தலைநகரின் நடுவே பிளாசா தே மாயோ சதுக்கத்தில் குண்டு வீசின. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். வானிலிருந்து சாவு பொழிவதைக் கற்பனை செய்ய அந்நகரத்து எழுத்தாளருக்கு ஞானதிருஷ்டி தேவைப்பட்டிருக்காது. தீர்க்கதரிசனம் என்று சொல்லிவிட்டால், பின்னால் நடந்த குற்றம் விதியின் சாயலைப் பெற்றுவிடும். வரவேண்டியது வந்தது என்றாகிவிடும். ஓர் எழுத்தாளர் தம் தெருவைக் கூர்ந்து பார்த்தார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்வை மாறிக்கொண்டும் இருந்தது. அறுபதுகளின் இறுதியில் பிரெச்சியாவும் அவர் மகனும் வரைய, சே குவேராவின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக்கினார். அந்நூல் பின்னர் கைப்பற்றப்பட்டது. 1969இல் ஒரு வெகுசன வார இதழுக்காக ‘எல் எடர்னௌதா’வையே பிரெச்சியாவின் ஓவியத்தோடு மீண்டும் எழுதினார். இம்முறை வல்லரசுகள் தென்னமெரிக்காவைப் படையெடுப்பாளர்களுக்குக் காவு கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. இதழ் நிருவாகம் பொறுக்கவில்லை; தொடர் அவசர அவசரமாக முடித்து வைக்கப்பட்டது. எழுபதுகளில் அவரும் அவருடைய நான்கு மகள்களும் மொந்தோநேரோஸ் என்ற இடதுசாரிப் பெரோனிய ஆயுத இயக்கத்தில் இணைந்தார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவர் வழிபாட்டாளர்கள் அந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

1976 இறுதியில் ‘ஸ்கோர்பியோ’ இதழில் இரண்டாம் பாகம் தொடங்கியது. அப்போது அவர் தலைமறைவாக இருந்தார். இலக்கியமாக அது முதல் பாகத்துக்கு வெகு கீழே நிற்கிறது என்பது என் கணிப்பு. முதல் பாகத்தின் நாயகன் தனியன் அல்லன், ஒரு கூட்டம். பின்னாளில் முன்னுரை ஒன்றில் ஓஸ்டர்ஹெல்ட்டே அதைச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பாகத்திலோ சால்வோ கண்டிப்பான படைத்தலைவனாகிவிடுகிறான். போராட்டத்தின் பொருட்டு எலேனாவையும் மார்த்தித்தாவையும் சாகவிடுகிறான். காப்பிப் பாத்திரத்தைக் கண்டு நின்ற கதை, மனைவியையும் மகளையும் கண்டு நிற்கவில்லை. அதில் ஹெர்மன் என்ற பெயரில் எழுத்தாளரும் ஒரு பாத்திரம். இதை எழுதியபோது அவருடைய சொந்தக் குடும்பம் எங்கே நின்றுகொண்டிருந்தது என்று தெரிந்தபின் அப்பக்கங்களைப் படிப்பது கடினம்.

1976 மார்ச் 24 அன்று ஜெனரல் விதேலா தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மூன்று மாதத்துக்குள், ஜூனில், பத்தொன்பது வயது பெயாத்ரீஸ் பிடித்துச் செல்லப்பட்டாள். அவள் உடல் மட்டும் தாயிடம் திரும்பி வந்தது. நான்கு பேரில் உடல் கிடைத்தது அவளுடையது ஒன்றுதான். சில வாரங்களில், தூக்குமான் நகரில், கருவுற்றிருந்த தியானா. 1977 ஏப்ரலில் லா பிளாத்தா நகரில் தந்தை. அவ்வாண்டு இறுதியில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மரீனா; டிசம்பரில் மூத்தவள் எஸ்தேலா. மருமகன்களும் எஞ்சவில்லை. இரண்டாம் பாகம் 1978 வரை இதழில் வந்துகொண்டிருந்தது. எழுதியவர் சித்திரவதை முகாமில் இருக்க, அவர் எழுதியது கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் மர்மம் எங்கே இருக்கிறது? அவரைப் பிடித்தது எந்த அரசு என்று தெரியும். வைத்திருந்த இடங்கள் தெரியும். காம்போ தே மாயோ படைத்தளம். எல் வெசுவியோ என்ற இரகசிய முகாம். ‘ஷெரட்டன்’ என்று கேலிப்பெயர் சூட்டப்பட்டிருந்த ஒரு காவல் நிலையம். அங்கும் அவரை எழுத வைத்திருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் விடுதலைத் தளபதி சான் மார்த்தினின் வரலாற்றைச் சித்திரக்கதையாக்கித் தரும் வேலை அவருக்கு இடப்பட்டதை அக்காலச் சாட்சியங்கள் சொல்கின்றன. எஸ்தேலா கொல்லப்பட்டபின், அவளுடைய மூன்று வயது மகன் முகாமிலிருந்த தாத்தாவிடம் கொண்டுசெல்லப்பட்டு, அதன்பின் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டான். மகளும் போய்விட்டாள் என்று தந்தை அறிந்திருக்கக்கூடிய விதம் அது. உயிர் தப்பிய கைதி ஒருவர் 1977 கிறிஸ்துமஸை ஒட்டிய ஓர் இரவை நினைவுகூர்ந்திருக்கிறார். காவலர்கள் சில நிமிடங்கள் முகமூடிகளைக் கழற்றவும் புகைக்கவும் பேசவும் அனுமதித்தார்கள். கைதிகளிலேயே வயது முதிர்ந்தவரான ஓஸ்டர்ஹெல்ட், தாம் ஒவ்வொருவரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும் என்று கேட்டு, அப்படியே செய்தார். அவர் உடல் நிலை அப்போது மிக மோசமாக இருந்தது. அதற்குப் பின்னான செய்தி மங்கல். 1978இல் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

எந்த நாள், எந்த இடம், உடல் எங்கே ஆகிய மூன்றும் நமக்குத் தெரியாதவை. செய்தவர்களுக்குத் தெரிந்தவை. தெரிந்தவன் வாய் திறக்க மறுப்பதை மர்மம் என்று சொல்லும் வழக்கம் எந்த நிகண்டில் இருக்கிறது?

இனி வினைச்சொல்லுக்கு வருகிறேன். 1979 டிசம்பரில் செய்தியாளர் சந்திப்பு ஒன்றில் விதேலாவிடம் காணாமற்போனவர்கள் பற்றிக் கேட்கப்பட்டது. அவர்களுக்கு இருப்பே இல்லை, இறந்தவர்களும் அல்லர், உயிரோடிருப்பவர்களும் அல்லர், காணாமற்போனவர்கள் என்ற பொருளில் அவர் விடையளித்தார். ஒரு வினையெச்சத்தையும் அதைத் தொடரும் வினையையும் வைத்து ஆயிரக்கணக்கான மனிதர்களை இலக்கணத்துக்குள்ளேயே புதைத்த கூற்று அது. 1983இல் மக்களாட்சி திரும்பியபின் நாவலாசிரியர் எர்னெஸ்தோ சபாத்தோ தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1984இல் தந்த அறிக்கையில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பெயரோடு பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் முப்பதாயிரம் என்கின்றன. அர்ஜென்டினர் அந்த வினையை அப்படியே விட்டுவிடவில்லை. ஸ்பானிய மொழியில் ‘மறைதல்’ என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை. மக்கள் அதற்கு வலிந்து ஒரு செயப்படுபொருளைக் கொடுத்தார்கள்: ‘அவனை மறைந்தார்கள்’ என்பது போன்ற, பள்ளி ஆசிரியர் அடித்துத் திருத்தக்கூடிய ஒரு வாக்கியம். பிழையான அந்த வாக்கியத்தில்தான் உண்மைக்கு இடம் இருந்தது. 1994இல் ஒரு சட்டம், இவர்களை இறந்தோர் என்று பதியாமல், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதிருப்போர் என்று தனி வகையாகவே பதிய வழி செய்தது.

தமிழுக்கு அந்தப் பிழையும் தேவையில்லை. தன்வினை பிறவினை நடத்தாத தமிழாசிரியர் உண்டா? மறைந்தான், மறைத்தான், அடங்கினான், அடக்கினான், ஆகினான், ஆக்கினான். ‘போ’ என்பதற்கே ‘போக்கு’ என்ற பிறவினை நம்மிடம் இருக்கிறது. வகுப்பில் எந்தப் பையனும் பேனாவைத் தொலைத்தேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. பேனா காணாமல் போயிற்று ஐயா என்பான். பேனா தானாக எழுந்து நடந்து போனதாகப் பொருள். சிறுவனின் தந்திரம் அது, நாம் சிரித்துக்கொள்கிறோம். அரசு அதே வாக்கியத்தைச் சொல்லும்போது எழுதி வைத்துக்கொள்கிறோம்.

ஈழத்தில் இவ்வேறுபாட்டுக்கு ஒரு நீண்ட வழக்கே நடந்துகொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கை அரசு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மார்களும் உறவினரும் தம் பிள்ளைகளைக் குறிக்கச் சொல்வது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. இலக்கணம் கற்றுத் தேர்ந்தவர்கள் அமர்ந்து ஆக்கிய தொடர் அன்று. பிள்ளையை இராணுவத்திடம் கையளித்ததைக் கண்ணால் கண்ட ஒரு தாயால் போனான் என்று சொல்ல இயலாது என்பதிலிருந்து பிறந்த தொடர். அதிலும் ஓர் இடம் வெற்றாகத்தான் இருக்கிறது. செயப்பாட்டு வினையில் எழுவாயை மூன்றாம் வேற்றுமை ஏற்று நிற்கச் செய்ய வேண்டும்: இன்னாரால். அந்த ‘ஆல்’ உருபுக்கு முன்னால் ஒரு பெயரை எழுதச் சொல்லித்தான் அவர்கள் ஆண்டுக்கணக்காக வெயிலில் அமர்ந்திருக்கிறார்கள். அர்ஜென்டினாவில் அவ்விடம் ஓரளவேனும் நிரப்பப்பட்டது. வெசுவியோ முகாம் வழக்கில் 2011இல் முன்னாள் இராணுவ அதிகாரிகளுக்கு ஆயுள் தண்டனையும் காவலர்களுக்கு நெடுஞ்சிறையும் விதிக்கப்பட்டன. குற்றம் நடந்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஆயினும் பெயர்கள் எழுதப்பட்டன.

அவர் ஆயுத இயக்கத்தில் இருந்தவர்தானே என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆம், இருந்தவர். அதற்குக் குற்றப்பத்திரிகை, வழக்கறிஞர், நீதிபதி, தீர்ப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. வரிசையின் எந்தப் படியிலும் கருவுற்ற பெண்ணைக் கடத்துவது இல்லை.

எலேனாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எல்சா நினைவுக்கு வருகிறார். ஓஸ்டர்ஹெல்ட்டின் மனைவி எல்சா சாஞ்சேஸ். கணவரும் மகள்களும் தேர்ந்த பாதை அவருக்கு உவப்பாக இல்லை. அதை அவர் எப்போதும் மறைக்கவும் இல்லை. புனைவில் கணவன் மனைவியையும் மகளையும் தேடிக் காலவெளியெங்கும் அலைகிறான். வாழ்வில் அலைச்சல் எல்சாவுக்கு வந்தது. கணவனும் மகள்களும் இல்லாத வீட்டில் பேரனை வளர்த்தார். பிளாசா தே மாயோ பாட்டிமார் அமைப்பில் இணைந்தார். தியானாவும் மரீனாவும் சுமந்திருந்த பிள்ளைகள் பிறந்தனவா, பிறந்திருந்தால் எந்தப் பெயரில் யார் வீட்டில் வளர்ந்தன என்று தேடினார். 2015இல் இறந்தார். 2025இல் தொடர் வெளியானபோது, அந்தப் பேரக்குழந்தைகள் இன்னும் தேடப்படுகிறார்கள் என்ற அறிவிப்பை மனித உரிமை அமைப்புகள் தொடரின் விளம்பரங்களோடு சேர்த்தே பரப்பின. இருந்தால் அவர்களுக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. தம் தாத்தாவின் கதையைத் திரையில் பார்த்துவிட்டு, யாரோ ஒருவர் எழுதியது என்று எண்ணி உறங்கப் போயிருக்கவும் கூடும்.

இரண்டு நாள் கழித்து மாணவர் வந்தார். நான் பேசியவற்றில் பாதியைக் கேட்டுக்கொண்டு, மீதியை அவரே தேடிப் படித்திருந்தார். முதல் வாக்கியம் மாறியிருந்தது. 1977 ஏப்ரலில் அர்ஜென்டின இராணுவ ஆட்சியால் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார் என்று எழுதியிருந்தார். ‘மர்மமான முறையில்’ என்பது இல்லை. இன்னொரு ஐயம் இருந்தது அவருக்கு. கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பிறைக்குறிக்குள் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டுமென்பது கருத்தரங்கக் குழுவின் விதி. மறைந்தார் என்று எழுதுகிறோமே, அதற்கு நாள் வேண்டாமா ஐயா, இவருக்கு 1977 என்று போடுவதா 1978 என்று போடுவதா என்று கேட்டார். 1919 என்று போட்டு, ஒரு சிறுகோடு இழுத்து, அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அச்சகத்தில் அதைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னேன்.